நிலைவிசை முறையும் இயக்கவியல் முறையும்: ஒரே கட்டடத்துக்கு இரண்டு விடைகள் வருவது ஏன்?

பன்னிரண்டு மாடி, 36 மீட்டர் உயரம், கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகக் கட்டடம் ஒன்றை நிலநடுக்க விசைக்காக இரண்டு முறைகளிலும் கணக்கிட்டிருக்கிறீர்கள். சமான நிலைவிசை முறையில் பேஸ் ஷியர், அதாவது அடித்தளத்தில் சேரும் மொத்தப் பக்கவாட்டு வெட்டுவிசை, 3,600 கிலோநியூட்டன் வந்தது. ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தத் தாளத்தில் ஆடும் கட்டடம் எவ்வளவு உச்ச முடுக்கத்தை உணரும் என்று காட்டும் வரைகோடு, வழியான இயக்கவியல் கணக்கில் 2,000 கிலோநியூட்டன்தான் வந்தது. விதித்தொகுப்போ இரண்டாவது விடையை முதலாவதன் அளவுக்கு உயர்த்தச் சொல்கிறது. ‘துல்லியமான முறை தந்த விடையைத் தோராயமான முறைக்கு ஏற்ப ஏன் மாற்ற வேண்டும்? அப்படி மாற்றப் போகிறோம் என்றால் இயக்கவியல் கணக்கே எதற்கு?’ என்று கேட்கிறீர்கள்.

ஒன்று துல்லியமானது, மற்றது தோராயமானது என்று பிரித்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நிலைவிசை முறை என்பது இயக்கவியலையே ஒரே ஒரு அதிர்வு வடிவத்துக்குச் சுருக்கி, எளிய சூத்திரமாக்கிக் கையில் கொடுத்த முறை. இயக்கவியல் முறையோ நாம் கணினியில் வரைந்து கொடுத்த மாதிரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த மாதிரி உண்மையான கட்டடத்தைப் போல் இருந்தால்தான் அதன் விடைக்கு மதிப்பு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் 3,600-க்கும் 2,000-க்கும் இடையிலுள்ள தூரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விளக்கிவிடலாம்.

நிலநடுக்கத்தின்போது கட்டடத்தை யாரும் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. தரை நகர்கிறது, அஸ்திவாரம் அதனுடன் போகிறது, மேலே இருக்கும் நிறை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலால் தூண்கள் வளைவதைத்தான் நாம் விசை என்கிறோம். ஆகவே விசையின் அளவு தரையின் அசைவை மட்டும் பொறுத்ததன்று. கட்டடத்தின் நிறை, விறைப்பு, அதிர்வைத் தணிக்கும் திறன், தரை அசையும் தாளத்துக்கும் கட்டடத்தின் இயல்பான தாளத்துக்கும் உள்ள நெருக்கம் ஆகிய எல்லாமே அதை முடிவு செய்கின்றன. இவ்வளவையும் ஒதுக்கிவைத்து, ‘எடையில் இத்தனை பங்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்’ என்று சொல்வதே நிலைவிசை முறையின் தொடக்க வடிவம்.

அந்தத் தொடக்கம் 1908-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவை அழித்த நிலநடுக்கத்துக்குப் பின் வந்தது. அங்கே அமைக்கப்பட்ட குழு, முதல் தளத்துக்கு மேலுள்ள எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கையும், அதற்கு மேல் உள்ள தளத்துக்கு எட்டில் ஒரு பங்கையும் பக்கவாட்டு விசையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. மேலே உள்ள தளத்துக்குப் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள். கட்டடம் உயரே போகப்போக அதிகமாக ஆடும் என்ற இயக்கவியல் அறிவு அந்த எளிய விதிக்குள்ளேயே இருக்கிறது. 1923-ன் கான்டோ நிலநடுக்கத்தை அடுத்து ஜப்பான் 1924-ல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற விதியைச் சட்டமாக்கியது. 1930-களில் மோரிஸ் பயட் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கருத்தை முன்வைத்தார். ஜார்ஜ் ஹவுஸ்னர் போன்றோர் அதை வளர்த்தெடுத்தனர். 1940-ல் கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் கிடைத்தது போன்ற வலுவான தரையசைவுப் பதிவுகள் அதற்கு உயிர் கொடுத்தன. இன்று நிலைவிசைச் சூத்திரத்தில் நாம் இடும் குணகம் அந்த ஸ்பெக்ட்ரத்திலிருந்து, கட்டடத்தின் அலைவு நேரத்துக்கு, அதாவது அது ஒருமுறை ஆடி முடிக்கும் நேரத்துக்கு, நேரே படித்தெடுக்கப்படுவதுதான். ஆகவே இரண்டு முறைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

நிலைவிசை முறை தனக்குள் வைத்திருக்கும் அனுமானங்கள் மூன்று என்று நான் எண்ணுகிறேன். கட்டடத்தின் மொத்த நிறையும் முதல் மோடில், அதாவது அடியிலிருந்து உச்சிவரை ஒரே பக்கமாகச் சாய்ந்தாடும் வடிவத்தில், பங்கேற்கிறது என்பது முதலாவது. அந்த வடிவத்தைக் கணக்கிடத் தேவையில்லை, உயரத்தை வைத்தே ஊகித்துவிடலாம் என்பது இரண்டாவது. அலைவு நேரத்தையும் அப்படியே உயரத்திலிருந்து பெறலாம் என்பது மூன்றாவது.

இரண்டாவது அனுமானம் எவ்வளவு தளர்வானது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரமும் சம எடையும் உள்ள ஐந்து தளங்கள், மொத்த விசை 900 கிலோநியூட்டன் என்று கொள்வோம். உயரத்துக்கு நேர்விகிதத்தில் பிரித்தால் உச்சித் தளத்துக்கு 300 கிடைக்கிறது. உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பிரித்தால் 409 கிடைக்கிறது. அடியில் கவிழ்க்கும் திருப்புத்திறன் முதல் வகையில் 9,900 கிலோநியூட்டன்-மீட்டர், இரண்டாம் வகையில் சுமார் 11,045. ஐரோப்பியத் தரநிலை யூரோகோடு 8-ன் எளிய சூத்திரம் நேர்விகிதத்தையும், இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893 வர்க்கத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்சிஇ 7 அலைவு நேரத்தைப் பொறுத்து உயரத்தின் அடுக்கெண்ணை 1-லிருந்து 2 வரை நகர்த்துகிறது. மூன்றும் பொறுப்பான விதிகளே. அவற்றுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது, அந்த வடிவம் ஊகிக்கப்பட்டதே என்பதை நினைவூட்டுகிறது.

இனி உங்கள் கட்டடத்துக்கு வருவோம். கான்கிரீட் சட்டகங்களுக்கான வழக்கமான சூத்திரம், உயரத்தின் முக்கால் அடுக்கை (அடுக்கெண் 0.75) 0.075-ஆல் பெருக்கச் சொல்கிறது; 36 மீட்டருக்கு அது 1.10 நொடி. உங்கள் கணினி மாதிரி தந்த அலைவு நேரம் 1.75 நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டியான தரைக்கான ஸ்பெக்ட்ரத்தில் 0.4 நொடிக்கு அப்பால் முடுக்கம் அலைவு நேரத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது. ஆகவே 1.10-க்குப் பதில் 1.75 என்று வைத்த அந்த ஒரு செயலே முதல் மோடின் விசையை 63 சதவீதமாகக் குறைத்துவிடுகிறது. அதன்மேல், உங்கள் அட்டவணைப்படி முதல் மோடில் பங்கேற்கும் நிறை 78 சதவீதம், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 5. இந்த எண்களை வைத்து நான் கையால் போட்டுப் பார்த்தபோது முதல் மோடுக்கு ஏறத்தாழ 1,760, இரண்டாவதுக்கு 820, மூன்றாவதுக்கு 495 கிலோநியூட்டன் வந்தன. மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,000. உங்கள் மென்பொருள் தவறு செய்யவில்லை.

இப்போது அதே மூன்று மோடுகளையும் அதே நிறைப் பங்குகளையும் வைத்துக்கொண்டு, முதல் அலைவு நேரத்தை மட்டும் 1.10-க்கு மாற்றி, மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள். மொத்தம் சுமார் 3,090 ஆகிறது. ஆக, 1,600 கிலோநியூட்டன் வேறுபாட்டில் 1,090 வந்தது மாதிரியின் அலைவு நேரத்தால். மீதி 510 மட்டுமே, நிறை முழுவதும் ஒரே மோடில் ஆடுவதில்லை என்ற உண்மையான இயக்கவியல் காரணத்தால். அந்த 3,090 நிலைவிசை விடையில் 86 சதவீதம். யூரோகோடு 8, அலைவு நேரம் மிக நீளாத, இரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் நிலைவிசையை 0.85-ஆல் பெருக்க இடம் தருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாதிரியின் அலைவு நேரம் ஏன் நீள்கிறது? நாம் தூண்களையும் உத்தரங்களையும் தளப்பலகைகளையும் மட்டும் வரைகிறோம். செங்கல் சுவர்களை எடையாக ஏற்றுகிறோம், விறைப்பாகச் சேர்ப்பதில்லை. படிக்கட்டு, தடுப்புச் சுவர், வெளிமுகப்பு எவையும் மாதிரியில் இல்லை. உண்மையான கட்டடத்தில் இவை எல்லாம் குலுக்கலின் தொடக்கத்திலாவது சேர்ந்தே எதிர்க்கின்றன. உயரத்தை மட்டும் கேட்கும் அந்தச் சூத்திரம், 1971-ன் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் உண்மையான கட்டடங்களில் பதிவான அசைவுகளை அடிப்படையாகக் கொண்டு உருவானது. ஆகவே அலைவு நேரத்தைப் பொறுத்தவரை ‘தோராயமான’ சூத்திரமே களத்தைப் பார்த்தது. ‘துல்லியமான’ கணினி பார்த்தது நம் வரைபடத்தை மட்டுமே. பேஸ் ஷியரை உயர்த்தச் சொல்லும் விதி இந்தக் காரணத்தால் வந்த பாதுகாப்பு. முன்பு நிலைவிசையின் 85 சதவீதம் போதும் என்றிருந்த ஏஎஸ்சிஇ 7, தன் 2016 பதிப்பில் அதை 100 சதவீதமாக்கியது. இந்த மாற்றம் சரியானது என்பதே என் கருத்து. மாதிரியைக் கொஞ்சம் தளர்த்தி வரைந்தால் விசை குறையும் என்ற சபலத்துக்கு அது இடம் தருவதில்லை.

அப்படியானால் இயக்கவியல் கணக்கு எதற்கு என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மொத்த விசையை விதி கட்டிவிட்டாலும், அந்த விசை எந்தத் தளத்தில், எந்தத் தூணில், எந்தத் திசையில் சேருகிறது என்பதை இயக்கவியல் கணக்குதான் சொல்லும். உயர்ந்த கட்டடத்தின் மேல்பகுதியில் இரண்டாம் மூன்றாம் மோடுகள் வெட்டுவிசையைக் கூட்டும்; பாதி உயரத்தில் திடீரெனக் குறுகும் கட்டடத்தில் அந்தக் குறுகலுக்கு மேலுள்ள பகுதி சாட்டையின் நுனி போல வீசும்; லிஃப்ட் சுவர்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தால் கட்டடம் சாய்வதற்கு முன் திருகும். இவற்றில் எதையும் உயரத்தை மட்டும் கேட்கும் சூத்திரம் அறியாது.

தாளம் என்ற சொல்லின் பொருளை 1985 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோ நகரம் காட்டியதைப் போல வேறெதுவும் காட்டியதில்லை. நிலநடுக்க மையம் பசிபிக் கடற்கரையில், நகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. நகரின் கெட்டியான தரையில் பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் நூற்றில் நான்கு பங்குதான். பழைய ஏரிப்படுகையின் களிமண் மேல் அது நூற்றில் பதினேழாகப் பெருகியது. அதைவிட முக்கியம், அந்தக் களிமண் ஏறத்தாழ 2 நொடிக்கு ஒருமுறை என்ற சீரான தாளத்தில் ஆடியது. அந்தத் தாளத்துக்கு இசைந்த கட்டடம் உணரும் முடுக்கம் புவியீர்ப்பின் அளவையே நெருங்கியது. மிக மோசமாகச் சேதமடைந்தவை நடுத்தர உயரக் கட்டடங்கள். அவற்றின் அலைவு நேரம் தொடக்கத்தில் 2 நொடிக்குக் குறைவுதான். விரிசல் விட விட விறைப்பு குறைந்து, அலைவு நேரம் நீண்டு, களிமண்ணின் தாளத்தை நோக்கியே அவை நகர்ந்தன. தாழ்ந்த வீடுகள் பலவும் தப்பின. 44 மாடி கொண்ட டோரே லாட்டினோஅமெரிக்கானாவும் நின்றது. எல்லாக் கட்டடத்தையும் எடையின் ஒரே பங்கால் தள்ளிப் பார்க்கும் கணக்கில் இந்த வேறுபாடு ஒருபோதும் தெரிய வராது.

ஸ்பெக்ட்ரம் முறையில் ஒரு பொறியைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும், ஏனெனில் கவனமானவர்களும் இதில் விழுகிறார்கள். இந்த முறை ஒவ்வொரு மோடின் உச்ச மதிப்பை மட்டுமே தருகிறது; அந்த உச்சங்கள் ஒரே நொடியில் வருவதில்லை என்பதால் வர்க்கமூல வழியில் சேர்க்கிறோம். சேர்த்தபின் எல்லா எண்களும் நேர்மதிப்பாகிவிடும், குறிகள் தொலைந்துவிடும். ஒரு தளம் முதல் மோடில் 40 மில்லிமீட்டரும் இரண்டாம் மோடில் 2 மில்லிமீட்டரும் நகர்கிறது. அதன் மேல்தளம் முதல் மோடில் 50, இரண்டாம் மோடில் எதிர்த்திசையில் 6 நகர்கிறது என்று கொள்வோம். இரண்டு தளங்களின் நகர்வையும் முதலில் சேர்த்துவிட்டுக் கழித்தால் 50.4-லிருந்து 40.1 போக இடைநகர்வு, அதாவது இரு தளங்களுக்கும் இடையிலான நகர்வு வேறுபாடு, சுமார் 10.3 மில்லிமீட்டர். சரியான வழி, ஒவ்வொரு மோடிலும் இடைநகர்வை முதலில் கண்டு, 10-ஐயும் 8-ஐயும் பிறகு சேர்ப்பது, விடை 12.8. முதல் வழி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது, அதுவும் சுவர்களும் கண்ணாடிகளும் உடைவதைத் தீர்மானிக்கும் அளவிலேயே. இதே காரணத்தால், ஸ்பெக்ட்ரம் விடையில் ஒரு மூட்டில் சேரும் விசைகள் சமநிலையில் இல்லையே என்று திகைக்க வேண்டாம். அவை ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. அதுபோலவே, சாய்வு மோடும் திருகல் மோடும் நெருங்கிய அலைவு நேரம் கொண்டிருந்தால் எளிய வர்க்கமூல முறை தவறான விடை தரும். 1981-ல் வெளிவந்த, மோடுகளுக்கு இடையிலான தொடர்பையும் கணக்கில் கொள்ளும், இன்று பெரும்பாலான மென்பொருள்களில் உள்ள சிக்யூசி சேர்க்கையைத்தான் அப்போது பயன்படுத்த வேண்டும்.

இதுவரை பேசிய இரண்டு முறைகளுக்கும் ஒரு பொதுவான எல்லை உண்டு. இரண்டும் கட்டடம் மீட்சி நிலையிலேயே, அதாவது சேதமின்றிப் பழைய வடிவுக்குத் திரும்பும் நிலையிலேயே, இருக்கிறது என்று கொண்டு, வரும் விசையை 5, 8 போன்ற ஓர் எண்ணால் வகுத்துவிடுகின்றன. பெரிய நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடையும், ஆனால் உடைந்து விழாமல் வளைந்து கொடுத்து ஆற்றலை உள்வாங்கும் என்ற நம்பிக்கையே அந்த வகுஎண். அந்த நம்பிக்கையை எந்தக் கணக்கும் தராது. தருவது கம்பி கட்டும் விதம். தூணைச் சுற்றும் வளையக் கம்பியின் முனையை 90 பாகையில் மடித்துவிட்டால், குலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். அதே முனையை 135 பாகையில் உட்புறக் கான்கிரீட்டுக்குள் செல்லுமாறு மடித்தால் வெளிப்புறம் முழுதும் உதிர்ந்தாலும் அது பிடியை விடாது. நிலைவிசைக்கும் இயக்கவியலுக்கும் இடையிலான பத்துச் சதவீத வேறுபாட்டைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நாம், 5-ஆல் வகுக்க உரிமை தரும் அந்தக் கொக்கியைத் தளத்தில் போய்ப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

மீட்சி நிலையைத் தாண்டிய நடத்தையைக் கணக்கிலேயே பார்க்க வேண்டுமானால் அங்கும் இதே இரட்டை உண்டு. புஷ்ஓவர் என்பது நேர்கோட்டுத் தன்மையற்ற நிலைவிசை முறை: கட்டடத்தை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எந்த உத்தரம் முதலில் இளகுகிறது, எந்தத் தளம் சரிகிறது என்று பார்க்கிறோம். பழைய கட்டடங்களை மதிப்பிட இது அருமையான கருவி. பலவீனமான தளம் எது என்பதைக் கண் முன்னே காட்டிவிடும். ஆனால் தள்ளும் வடிவம் பெரும்பாலும் முதல் மோடாகவே இருப்பதால், உயரமான அல்லது திருகும் கட்டடங்களில் அதை மட்டும் நம்ப முடியாது. மற்றது டைம் ஹிஸ்டரி: உண்மையான தரையசைவுப் பதிவுகளை நொடியின் நூறில் ஒரு பங்குபோன்ற சிறு இடைவெளிகளில் மாதிரிக்குக் கொடுத்து முழு ஆட்டத்தையும் பின்தொடர்கிறோம். எல்லா முறைகளிலும் செறிவானது இதுவே, எளிதில் ஏமாற்றுவதும் இதுவே. ஒரு பதிவுக்கும் இன்னொரு பதிவுக்கும் விடை பெரிதும் மாறும் என்பதால்தான் ஏஎஸ்சிஇ 7 தன் 2016 பதிப்பிலிருந்து குறைந்தது 11 பதிவுகளைக் கேட்கிறது. ஒரே ஒரு பதிவை ஓட்டிவிட்டு ‘டைம் ஹிஸ்டரி செய்தாயிற்று’ என்று எழுதப்பட்ட அறிக்கையை நான் ஏற்பதில்லை.

எந்தக் கட்டடத்துக்கு எது என்பதை விதிகளும் ஓரளவு வரையறுத்துள்ளன. யூரோகோடு 8, உயரவாக்கில் சீரானதாகவும் அலைவு நேரம் 2 நொடிக்கு மிகாமலும் இருந்தால்தான் நிலைவிசை முறையை அனுமதிக்கிறது. மென்மையற்ற தரையில் அந்த வரம்பு இன்னும் குறையும். ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பு இன்னும் கண்டிப்பானது: நிலநடுக்க ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில், 15 மீட்டருக்குக் குறைந்த, சீரான கட்டடங்களுக்கு மட்டுமே அதைப் போதுமானதாகக் கொள்கிறது. ஆனால் இயக்கவியல் கணக்கு கட்டாயமான இடத்திலும் நிலைவிசைக் கணக்கை நான் முதலில் கையால் போட்டுவிடுவேன். ஓர் எடையை ஆயிரம் மடங்கு தவறாக உள்ளிட்டிருந்தாலோ, ஒரு தளம் மற்றவற்றுடன் இணைக்கப்படாமல் விடப்பட்டிருந்தாலோ, மென்பொருள் அழகான வண்ணப்படத்துடன் அதையும் விடையாகத் தந்துவிடும். அதைப் பிடிக்க உதவுவது அந்தக் கைக்கணக்குதான்.

உங்கள் கட்டடத்துக்கு ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் போதும். மூன்று மோடுகளிலேயே 95 சதவீத நிறை வந்துவிட்டது, பொதுவாகக் கேட்கப்படுவது 90. கணக்கை முடிக்கும் முன் முதல் மூன்று மோடுகளையும் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் இரு திசைச் சாய்வாகவும் மூன்றாவது திருகலாகவும் இருந்தால் நல்லது. முதல் மோடே திருகலாக இருந்தால் விசையை உயர்த்துவதில் பயனில்லை, சுவர்களை இடம் மாற்ற வேண்டும். நான் மேலே எண்ணிய மூன்றும் ஒரே திசையின் சாய்வு மோடுகள் என்பதால், மற்றத் திசைக்கும் நிறைப் பங்கைத் தனியே சரிபாருங்கள். அதன்பின் 3,600-ஐ 2,000-ஆல் வகுத்து வரும் 1.8-ஆல் ஸ்பெக்ட்ரம் தந்த எல்லா விசைகளையும் பெருக்குங்கள். தரைத்தளம் வாகன நிறுத்தத்துக்காகத் திறந்துவிடப்பட்டு, மேலே எல்லா மாடிகளிலும் செங்கல் சுவர்கள் வருவதாக இருந்தால், அந்தச் சுவர்களின் விறைப்பையும் சேர்த்து இன்னொரு மாதிரியை ஓட்டுங்கள். அலைவு நேரம் 1.75-லிருந்து இறங்குவதையும், இடைநகர்வு முழுவதும் அந்த ஒற்றைத் தளத்தில் குவிவதையும் அதில் காண்பீர்கள். அந்தத் தளத்தின் தூண்களை அந்த இரண்டாவது மாதிரியின் எண்களுக்கே வடிவமையுங்கள்.